நுவான்கோ கானு: இதய அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

பத்தாம் நம்பர்

நைஜீரியக் கால்பந்து வீரர் கானுவைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்: "அந்த இதயக் கோளாறு மட்டும் இல்லாவிட்டால் எங்கேயோ போயிருப்பார்." எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. ஏன் என்று சொல்லத்தான் இந்த இழை. நிதானமாகப் பேசுவோம்.

முதலில் கதைச் சுருக்கம், தெரியாதவர்களுக்காக. 1976 ஆகஸ்ட் 1ஆம் தேதி நைஜீரியாவின் இமோ மாநிலத்தில் ஓவெரி நகரில் பிறந்தவர். உள்ளூர் கிளப் இவுவான்யான்வு நேஷனேல். (பின்னாளில் ஹார்ட்லேண்ட் என்று பெயர் மாறியது அதுதான்.) 1993இல் ஜப்பானில் நடந்த 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் நைஜீரியா இறுதியில் கானாவை 2-1 என்று வென்றது. அந்த அணியில் வில்சன் ஒருமா, செலஸ்டின் பாபயாரோ ஆகியோரோடு ஒல்லியாக, நெடுநெடுவென்று ஒரு பையன். அவன்தான் கானு. அங்கே கண் வைத்த நெதர்லாந்து கிளப் அயாக்ஸ் அவரை ஆம்ஸ்டர்டாமுக்குக் கூட்டிப்போனது.

அயாக்ஸில் வான் கால் பயிற்சியாளர். மூன்று சீசன், மூன்று லீக் பட்டம், லீகில் 54 ஆட்டத்தில் 25 கோல். 1995 மே மாதம் வியன்னாவில் ஏ.சி. மிலனுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியில் செடோர்ஃபுக்குப் பதிலாக இறங்கி, 18 வயதில் கோப்பையைத் தொட்டுவிட்டார். அடுத்த ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் அவர்தான் நைஜீரிய கேப்டன், கழுத்தில் தங்கம். அந்தக் கோடையிலேயே இத்தாலியின் இன்டர் மிலன் கிளப் அவரை வாங்கியது. சேர்ந்த கையோடு நடந்த மருத்துவப் பரிசோதனையில் பெருந்தமனி வால்வில் கோளாறு தெரிந்தது. இனி ஆடவே முடியாது என்றார்கள். நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் அறுவை சிகிச்சை. 1997இல் மறுபடி மைதானம்.

இப்போது என் வாதம். கானு முதல்தர கால்பந்து ஆடியது கிட்டத்தட்ட இருபது வருடம். அதில் அறுவைக்கு முந்தியது நாலைந்து வருடம்தான். மிச்சமெல்லாம் மார்பைத் திறந்து மூடிய பிறகு ஆடியது. இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீகில் பட்டம் இரண்டு, அந்த நாட்டு நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பைகள், மூன்று உலகக் கோப்பைத் தொடர்களில் ஆட்டம், ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருது இரண்டாவது முறை. இத்தனையையும் "இழந்த வாழ்க்கை" என்று எப்படிச் சொல்வது?

ஹைபரி வாசி

நல்ல இழை தம்பி. நான் வடக்கு லண்டன், ஆர்சனல் பக்கம். 1999இல் இன்டரிலிருந்து எங்களிடம் வந்த கானுவைப் பற்றிக் கதைக்க வேண்டும் என்றால் 1999 ஒக்ரோபர் 23 பற்றிச் சொல்லாமல் இருக்க ஏலாது.

செல்சி கிளப்பின் சொந்த இடமான ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ், நல்ல மழை, மைதானம் முழுக்கச் சேறு. ஃப்ளோவும் பெட்ரெஸ்குவும் அடித்து செல்சி 2-0 முன்னுக்கு. 75ஆவது நிமிடம் வரை எங்கடை பக்கம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கானு ஒன்று, 83இல் இன்னொன்று. சமநிலையோடு வீட்டுக்குப் போகலாம் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் இடது மூலையில் பந்தைப் பிடித்தார். செல்சி கோலி டி கூய் கோலை விட்டுப் பாய்ந்து வெளியே வந்தார். கானு ஒரு சின்ன அசைவில் அவரைத் தாண்டினார். ஆனால் இப்போது அவர் நிற்பது கிட்டத்தட்ட எல்லைக் கோட்டில். கோலுக்குள்ளே டிசாயியும் லெபோஃபும் நிற்கிறார்கள். வேறு யாராக இருந்தாலும் பந்தை நடுவுக்கு அனுப்பியிருப்பார்கள். இவர் அந்த இருவரின் தலைக்கு மேலால், கோணமே இல்லாத இடத்திலிருந்து, பந்தை வளைத்து உள்ளே போட்டார். 3-2.

அதே பருவத்தில் 2000 மார்ச்சில் ஐரோப்பிய கிளப்களுக்கான யூஈஎஃப்ஏ கோப்பையில் ஸ்பெயினின் டெப்போர்ட்டிவோவுக்கு எதிராக ஒரு கோல். கோலி சொங்கோ முன்னே வர, பந்தைத் தொடாமலே மேலால் காலைச் சுழற்றி அவரை விழுத்திவிட்டு, வெறுங்கோலில் தட்டிவிட்டார். 5-1 வெற்றி அது. மிடில்ஸ்பரோவில் 1999 ஏப்ரலில் 6-1 வென்ற ஆட்டத்தில் குதிகாலால் அடித்த கோலும் இருக்கிறது.

இவை மூன்றும் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு. உங்கடை வாதத்துக்கு என் சாட்சி இதுதான்.

நேர்கோடு

கோல்கள் அழகு, மறுக்கவில்லை. ஆனால் கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம்.

இன்டரில் இரண்டரை வருடம், இத்தாலிய லீகான சீரி ஆவில் 12 ஆட்டம், ஒரு கோல். ஆர்சனலில் ஐந்தரை வருடம், எல்லாப் போட்டியும் சேர்த்து 200க்குச் சற்றுக் குறைவான ஆட்டங்களில் 44 கோல். அதில் பாதிக்கு நெருக்கமானவை பெஞ்சிலிருந்து எழுந்து வந்த ஆட்டங்கள். பிரீமியர் லீகில் மொத்தமாக 100 முறைக்கு மேல் மாற்று வீரராக இறங்கியிருக்கிறார். நாட்டுக்காக 80க்கும் மேல் ஆட்டம், கோல்கள் 15ஐத் தொடவில்லை. உலகக் கோப்பையில் ஒரு கோல்கூட இல்லை.

அயாக்ஸில் 20 வயதுக்குள் 25 லீக் கோல் அடித்த பையனுக்கு இதுதான் இயல்பான தொடர்ச்சியா? 20இலிருந்து 22 வரை ஒரு முன்கள வீரன் வளர்கிற காலம். அதை அவர் மருத்துவமனையிலும் இன்டர் பெஞ்சிலும் கழித்தார். அந்த இழப்பை "இழப்பு" என்று சொல்வது அவரைக் குறைப்பது ஆகாது. நடந்ததை நடந்ததாகச் சொல்வதுதான்.

காயல் கால்பந்து

அட்லாண்டாவை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள் பத்தாம் நம்பர். அது நியாயமில்லை!

அந்த அரையிறுதியில் எதிரில் நின்ற பிரேசில் யார் என்று பாருங்கள். டிடா, ரோபர்ட்டோ கார்லோஸ், அல்டாயர், ரிவால்டோ, ஜூனினோ, பெபெட்டோ, ரொனால்டோ. குழு ஆட்டத்தில் இதே பிரேசில் 1-0 என்று நைஜீரியாவை வென்றிருந்தது. அரையிறுதியில் முதல் நிமிடத்திலேயே கோல். இடைவேளையில் 3-1. இரண்டாம் பாதியில் ஒக்கோச்சாவின் பெனால்டியையும் டிடா பிடித்துவிட்டார். அதோடு ஆட்டம் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

78இல் இக்பேபா ஒன்று போட்டு 3-2. கடைசி நிமிடம். கோல் வாயில் நெரிசலில் பந்து கானுவிடம் வருகிறது, அவர் முதுகு பாதி கோலுக்கு. டிடா காலடியில் பாய்கிறார். கானு அவசரப்படவே இல்லை. பந்தை மெல்லக் கிளப்பி, திரும்பி, டிடாவைத் தாண்டி உள்ளே அடித்தார். அப்போது கோல்டன் கோல் விதி இருந்த காலம், கூடுதல் நேரத்தில் முதலில் அடிப்பவர் வெற்றி. நான்காவது நிமிடத்தில் மறுபடியும் கானு, இந்த முறை இடது கால். 4-3.

அது ஜூலை 31. மறுநாள்தான் அவருக்கு 20 வயது நிறைந்தது. மூன்றாம் நாள் இறுதியில் அர்ஜென்டினா, அங்கேயும் இரண்டு முறை பின்தங்கி, அமுனிகேயின் கடைசி நேர கோலில் 3-2. ஆப்பிரிக்க நாடு ஒன்று ஒலிம்பிக் கால்பந்துத் தங்கம் வென்றது அதுவே முதல் முறை.

இவ்வளவையும் பழுதான வால்வோடு ஆடியிருக்கிறார் என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே நடுக்கமாக இருக்கிறது.

பத்தாம் நம்பர்

காயல், அதை எழுத உங்களைவிடச் சரியான ஆள் கிடையாது, அதனால்தான் விட்டேன்.

நேர்கோடு, நாட்டுக்கான கணக்கைச் சொன்னீர்கள். அதில் இதயத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நைஜீரியாவின் அந்தத் தலைமுறை 1994இல் ஆப்பிரிக்கக் கோப்பை வென்றது. 1995 நவம்பரில் அபாச்சாவின் ராணுவ ஆட்சி எழுத்தாளர் கென் சாரோ-விவாவைத் தூக்கில் போட்டது. மண்டேலா கடுமையாகக் கண்டித்தார். 1996 ஆப்பிரிக்கக் கோப்பை நடக்கவிருந்தது தென்னாப்பிரிக்காவில். நைஜீரிய அரசு அணியை அனுப்பவில்லை. பட்டம் வென்ற அணி போட்டிக்கே போகவில்லை. அதற்குத் தண்டனையாக 1998 கோப்பையிலும் தடை. ஒலிம்பிக் தங்கம் வென்ற அணி தன் கண்டத்தின் கோப்பையில் இரண்டு முறை காலே வைக்கவில்லை.

2000இல் லாகோசிலேயே இறுதி ஆட்டம், கேமரூனுக்கு எதிராக. 2-2, பிறகு பெனால்டி. கானுவின் உதையும் இக்பேபாவின் உதையும் கணக்கில் சேரவில்லை. இக்பேபாவின் பந்து கம்பத்தில் பட்டுக் கோட்டைத் தாண்டியதாக நைஜீரியர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆப்பிரிக்கக் கோப்பை அவர் கையில் கடைசி வரை வரவில்லை. இழப்பு என்று ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும் என்றால் நான் இதைச் சொல்வேன். அதைப் பறித்தது வால்வு அல்ல, அபாச்சா.

எக்கோ அறை

வணக்கம். ஆட்ட நுணுக்கம் உங்கள் அளவுக்குத் தெரியாது. ஆனால் என் வேலையே இதய எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் பரிசோதனை) எடுப்பதுதான், அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விளக்கலாம் என்று தோன்றியது.

இதயத்தின் இடது கீழறையிலிருந்து உடல் முழுக்க ரத்தம் போகும் வாசலில் இருப்பது பெருந்தமனி வால்வு. ஒவ்வொரு துடிப்புக்கும் திறந்து, உடனே இறுக மூட வேண்டும். சரியாக மூடாவிட்டால் வெளியே போன ரத்தத்தில் ஒரு பங்கு திரும்பி உள்ளே வரும். அதையும் சேர்த்து மறுபடி தள்ள வேண்டியிருப்பதால் அந்த அறை மெல்ல மெல்லப் பெரிதாகும். இதில் மோசமான விஷயம், வருடக்கணக்கில் எந்தத் தொந்தரவும் தெரியாமலே இருக்கலாம். அதுவும் கடுமையாகப் பயிற்சி செய்கிற இளைஞனுக்கு. மூச்சு வாங்கினால் பயிற்சியால் என்று நினைத்துக்கொள்வான். போதாததற்கு, விளையாட்டு வீரர்களின் இதயம் இயல்பாகவே கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். எது பயிற்சியால் வந்தது, எது நோயால் வந்தது என்று பிரிப்பதற்கு அனுபவம் வேண்டும்.

கானு தப்பியது இத்தாலியால் என்பது என் கருத்து. போட்டி விளையாட்டில் இறங்கும் எவரும் ஒவ்வொரு ஆண்டும் ஈசிஜி உள்படப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று 1982 முதல் அங்கே சட்டமே இருக்கிறது. பெரிய கிளப்போ தெருமுனை கிளப்போ, மருத்துவச் சான்று இல்லாமல் ஆட முடியாது. வெனெட்டோ பகுதியில் 1979இலிருந்து 2004 வரை கணக்கெடுத்துப் பார்த்ததில், இளம் வீரர்களின் திடீர் இதய மரணம் கிட்டத்தட்ட 90 விழுக்காடு குறைந்திருந்தது. அந்த ஆய்வை ஏற்காத மருத்துவர்களும் உண்டு. இஸ்ரேலில் இதே மாதிரி சட்டத்தால் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்றார்கள். ஆனால் எக்கோ கருவியின் முன்னால் உட்கார்ந்திருக்கிற எனக்கு, ஒருவரையாவது காப்பாற்றினால் அந்தப் பரிசோதனை வீண் இல்லை.

இன்னொன்று. செயற்கை வால்வில் உலோகத்தால் ஆனதை வைத்தால், ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. அந்த மாத்திரையோடு மோதி விழுகிற விளையாட்டை ஆட யாரும் அனுமதிக்க மாட்டார்கள், உள்ளே ரத்தக்கசிவு ஏற்பட்டால் நிற்காது. அதனால் ஒரு கால்பந்து வீரனுக்கு வால்வு அறுவை என்றால், உயிரைக் காப்பாற்றுவது ஒரு கேள்வி, மறுபடி ஆட வைப்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கும் 1996இலேயே பதில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஹைபரி வாசி

எக்கோ அறை, இத்தாலி பற்றி நீங்கள் சொன்னதோடு இன்னும் இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும்.

செனகலின் கலீலு ஃபாடிகா. 2002 உலகக் கோப்பையில் பிரான்ஸை வீழ்த்திய அணியில் இருந்தவர். 2003இல் ஓசேரிலிருந்து இன்டருக்குப் போனார். அங்கே இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை கண்டுபிடித்து, ஒரு லீக் ஆட்டம்கூட ஆட விடவில்லை. அவர் இங்கிலாந்துக்கு வந்து போல்டனில் சேர்ந்தார். 2004 ஒக்ரோபரில் டாட்டன்ஹாமுக்கு எதிரான ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடேற்றும்போதே சுருண்டு விழுந்தார். பிறகு நெஞ்சுக்குள் மின்னதிர்ச்சிக் கருவி பொருத்தி மறுபடியும் ஆடினார்.

அடுத்தது டென்மார்க்கின் எரிக்சன், 2021 ஜூனில் கொப்பன்ஹேகனில் விழுந்ததை எல்லோரும் பார்த்தோம். அவரும் இன்டர்தான். அதே கருவி பொருத்தியதும் இத்தாலிய விதிப்படி அங்கே ஆட முடியாமல் போய், பிரென்ட்ஃபோர்டுக்கு வந்தார்.

கானுவையும் ஃபாடிகாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஒரே கிளப், ஒரே கண்டிப்பு. ஒருவரை உரிய நேரத்தில் அறுவைக்கு அனுப்பினார்கள், மற்றவர் கதவைத் தாண்டி வேறு நாட்டுக்குப் போய் அங்கே விழுந்தார். மற்றது, இன்டரின் தலைவர் மொராட்டி கானுவைக் கைவிடவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஆடவே மாட்டார் என்று மருத்துவர்கள் சொன்ன பையனை அணியில் வைத்துக்கொண்டார். 1998 யூஈஎஃப்ஏ கோப்பை வென்ற இன்டர் அணியில் கானுவும் இருந்தார்.

நேர்கோடு

மருத்துவத் தகவல்களுக்கு நன்றி, இது எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. உடம்பு சரியாகிவிட்டது என்றால் ஏன் ஆர்சனல் பயிற்சியாளர் வெங்கர் அவரைப் பெஞ்சில் வைத்தார்? 1999-2000இல் 17 கோல் அடித்தவர், அதற்குப் பிறகு அந்த எண்ணிக்கையின் பக்கமே போகவில்லையே.

பத்தாம் நம்பர்

இதற்குப் பதில் அவருடைய இதயத்தில் இல்லை, அணிப் பட்டியலில் இருக்கிறது. 1999 ஆகஸ்டில் தியெரி ஆன்ரி வந்தார். பெர்க்காம்ப் ஏற்கெனவே இருந்தார். கானு எந்த இடத்தில் ஆடினால் சிறப்பாக இருப்பாரோ, அதாவது முன்கள வீரனுக்குக் கொஞ்சம் பின்னால், பந்தை வாங்கிப் பிடித்துக் கொடுக்கிற இடத்தில், உலகத்திலேயே தலைசிறந்தவர் அதே அணியில் உட்கார்ந்திருந்தார். பிறகு வில்டோர், ஜெஃபர்ஸ், ரெய்ஸ் என்று ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். அந்த வரிசையில் ஐந்தரை வருடம் நிலைத்ததே சாதாரணம் இல்லை.

அவர் ஆட்டத்தையும் பாருங்கள். 1.97 மீட்டர் உயரம். அந்த உயரத்துக்கு யாராக இருந்தாலும் தலையால் முட்டுகிற வேலைதான் கொடுப்பார்கள். இவர் அதை விரும்பவே இல்லை, காலில் பந்து வேண்டும் அவருக்கு. ஓட்டத்தில் வேகம் கிடையாது, அயாக்ஸிலும் பெரிய வேகம் இருந்ததில்லை. எதிராளி முதலில் அசையட்டும் என்று காத்திருந்து, அசைந்த பிறகு எதிர்ப்பக்கம் போவார். டிடா, டி கூய், சொங்கோ மூன்று பேரையும் அப்படித்தான் ஏமாற்றினார். பிரேசிலுக்கு எதிரான கோலும் செல்சிக்கு எதிரான கோலும் ஒரே மனிதன் அடித்த கோல்கள் என்று பார்த்த உடனே தெரியும். அறுவை அவரிடமிருந்து எதை எடுத்தது என்று தேடினால் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

இன்னும் ஒன்று. 1994-95இல் அயாக்ஸ் லீகில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. 2003-04இல் ஆர்சனலும் அப்படியே. இரண்டு அணியிலும் இருந்தவர் கானு. மாற்று வீரர் என்றாலும் அந்தப் பதக்கம் பதக்கம்தான்.

இரவுப் பணி

சின்னக் கேள்வி. ஆர்சனலில் முதல் ஆட்டத்திலேயே ஏதோ சர்ச்சை ஆனது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என்ன அது?

ஹைபரி வாசி

1999 பெப்ரவரி 13, எஃப்.ஏ. கோப்பை, ஷெஃபீல்ட் யுனைட்டட் எதிரணி. ஆட்டம் 1-1. அவர்கள் வீரர் ஒருவருக்குக் காயம், அதனால் அவர்கள் கோலியே பந்தை வெளியே அடித்தார். வழமைப்படி ஆர்சனல் பந்தை அவர்களுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். பார்லர் அந்த எண்ணத்தில் எறிந்தார். மாற்று வீரராக வந்திருந்த கானு, பந்து தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டு ஓடி ஓவர்மார்ஸுக்குக் கொடுக்க, கோல். சட்டப்படி அது செல்லுபடியான கோல், நடுவரால் மறுக்க முடியாது. வெங்கர் தானே முன்வந்து ஆட்டத்தைத் திரும்ப ஆடலாம் என்றார். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமும் ஒத்துக்கொண்டது. பத்து நாள் கழித்து ஆடிய ஆட்டமும் அதே 2-1 தான். கானுவில் கள்ளம் இருந்ததாக அப்போதும் பெரும்பாலானோர் சொல்லவில்லை.

பாலக்காட்டு எல்லை

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

கானுவுக்கு ஏழு வருடம் முன்னால் இன்னொரு நைஜீரியர், சாம் ஒக்வராஜி. ரோமில் சர்வதேசச் சட்டம் படித்தவர், ஜெர்மனியில் ஆடியவர். 1989 ஆகஸ்ட் 12, லாகோஸ் தேசிய மைதானம், அங்கோலாவுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். முடிய சுமார் பத்து நிமிடம் இருக்கும்போது விழுந்தார், அப்படியே போய்விட்டார். வயது 25. இதயம் வீங்கியிருந்தது, ரத்த அழுத்தமும் இருந்தது என்று பிறகு தெரிந்தது. அதை முன்கூட்டியே பார்க்க அவருக்கு ஓர் இன்டர் வாய்க்கவில்லை.

எங்கள் பக்கம் மலப்புறத்தில் அறுவடை முடிந்ததும் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) சீசன் களைகட்டும். நைஜீரியா, கானா, லைபீரியா, ஐவரி கோஸ்ட் பையன்கள் வருகிறார்கள். இரவு விளக்கு வெளிச்சத்தில், மூங்கில் கேலரி கட்டி, ஆயிரக்கணக்கான பேர் பார்க்கிற ஆட்டம். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று சம்பளம். சில பேர் ஒரு இரவு ஓர் ஊர், மறு இரவு இன்னோர் ஊர் என்று சீசன் முழுக்க ஓய்வே இல்லாமல் ஆடுகிறார்கள். ஜனங்கள் அவர்களைக் கொண்டாடுகிறார்கள், அதில் குறை கிடையாது. ஆனால் ஈசிஜி, எக்கோ என்பதெல்லாம் அந்த ஒப்பந்தத்தில் வருகிற விஷயங்கள் இல்லை. வெளிநாட்டில் ஆடும் மேற்கு ஆப்பிரிக்க வீரர் என்றால் நமக்கு ஆர்சனலும் செல்சியும்தான் நினைவுக்கு வருகின்றன. பெரும்பாலானவர்கள் ஆடுவது இந்த மாதிரி இடங்களில்தான்.

2004 டிசம்பரில் பெங்களூரில் ஃபெடரேஷன் கோப்பை இறுதியில் கோவாவின் டெம்போ கிளப் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல் அடித்த கையோடு கோலியோடு மோதி விழுந்து இறந்தார். அவர் பிரேசில்காரர். மைதானத்தில் உடனடிச் சிகிச்சைக்குத் தேவையான ஏற்பாடு போதவில்லை என்று அப்போது பெரிய பேச்சு எழுந்தது. தேசிய அளவு இறுதி ஆட்டத்திலேயே அந்த நிலை. செவன்ஸ் மைதானத்தில் என்ன இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எக்கோ அறை

பாலக்காட்டு எல்லை சொன்னது முக்கியமான விஷயம். பரிசோதனை வேண்டும் என்று சொல்வது சுலபம், அதைச் சரியாகப் படிக்கவும் தெரிய வேண்டும். மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளி வீரர்களின் ஈசிஜியில், நோய் இல்லாமலே நோய் மாதிரித் தெரிகிற சில மாற்றங்கள் அதிகம். முன்பெல்லாம் அதைப் பார்த்துவிட்டு ஆரோக்கியமான வீரனையும் சந்தேகப் பட்டியலில் போடுவார்கள். 2017இல் வெளியான சர்வதேச அளவுகோல்கள் இதைத் தனியாகக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. கானா கிராமத்திலிருந்து வருகிற ஒரு 18 வயதுப் பையனுக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. பரிசோதனை இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து, தவறாகப் படித்தால் பிழைப்புக்கு ஆபத்து.

2003இல் கேமரூனின் மார்க்-விவியன் ஃபோ கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதியில் லியோன் மைதானத்தில் இறந்த பிறகுதான் ஃபிஃபா விழித்துக்கொண்டது. 2006 உலகக் கோப்பை முதல் போட்டிக்கு முந்திய இதயப் பரிசோதனையைக் கொண்டுவந்தார்கள். அதுவும் தேசிய அணி வரை. மலப்புறத்துக்கு வர இன்னும் காலம் ஆகும் போலிருக்கிறது.

நேர்கோடு

சரி, ஆர்சனலுக்குப் பிந்திய காலத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. வெஸ்ட் பிராமில் ஒரு கெஜ தூரத்தில் நின்று பந்தைக் கம்பத்துக்கு மேலே அடித்தாரே, மிடில்ஸ்பரோ ஆட்டத்தில்? இன்றும் வீடியோ சுற்றுகிறது.

காயல் கால்பந்து

அந்த ஒரு உதையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அதே 2004-05 சீசனில் வெஸ்ட் பிராம் கிறிஸ்துமஸ் அன்று அட்டவணையின் அடியில் கிடந்தது. அந்த நிலையிலிருந்து கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பிய அணி பிரீமியர் லீகில் அதற்கு முன் ஒன்றுகூட இல்லை. இவர்கள் கடைசி நாளில் தப்பினார்கள். கானுவும் அந்த அணியில்தான் இருந்தார். அதை யாரும் பகிர்வதில்லை.

2006இல் போர்ட்ஸ்மத் கிளப். 30 வயது ஆகிவிட்டது, இனி என்ன ஆடப்போகிறார் என்றார்கள். பிளாக்பர்னுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கிய முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல், ஒரு பெனால்டி தவறவிட்டார், இல்லாவிட்டால் ஹாட்ரிக். அந்த சீசனில் அணியின் அதிக கோல் அவருடையது.

2008 எஃப்.ஏ. கோப்பையில் அரையிறுதி வெம்பிளியில், எதிரணி அவருடைய பழைய வெஸ்ட் பிராம். 1-0, கோல் கானு. மே 17இல் இறுதி, எதிரணி கார்டிஃப். 37ஆவது நிமிடம், நைஜீரியர் உட்டாகா வலப்பக்கத்திலிருந்து அனுப்பிய பந்தை கார்டிஃப் கோலி கைநழுவ விட, கானு தட்டிவிட்டார். 1-0. அந்த அணியில் கானாவின் முந்தாரி, செனகலின் பாபா பூபா டியோப், கேமரூனின் லாரன் எல்லோரும் இருந்தார்கள். போர்ட்ஸ்மத் அதற்கு முன் அந்தக் கோப்பையை வென்றது 1939இல். ஒரு துறைமுக நகரம் 69 வருடம் காத்திருந்து வாங்கிய கோப்பைக்குக் கோல் போட்டது ஓவெரியிலிருந்து வந்தவர்.

அதே வருடம் நவம்பரில் யூஈஎஃப்ஏ கோப்பையில் ஏ.சி. மிலன் போர்ட்ஸ்மத்துக்கு வந்தது. 2-2. அதிலும் கானு கோல் அடித்தார். வியன்னாவில் மிலனை வென்ற அணியில் 18 வயதில் இருந்தவர், 32இல் மறுபடி மிலனுக்கு எதிராக.

பத்தாம் நம்பர்

பிறகு அந்தக் கிளப் கடனில் மூழ்கியது. 2010 பெப்ரவரியில் திவால் நிர்வாகிகள் கையில் போனது, அந்த சீசனிலேயே லீகிலிருந்து இறங்கியது. பல வீரர்கள் கிளம்பிவிட்டார்கள். கானு இரண்டாம் பிரிவிலும் கூடவே ஆடி, 2012இல்தான் விலகினார்.

நேர்கோடு, உங்கள் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது: 1996-98 அவருடைய வாழ்க்கையில் வெற்றிடம்தான். ஆனால் அதை வைத்து மீதி 14 வருடத்தை அளக்கக் கூடாது என்பதில் நான் மாறவில்லை.

நேர்கோடு

நானும் மாறவில்லை. அந்த இரண்டு வருடம் முழுசாகக் கிடைத்திருந்தால் ஐரோப்பாவின் தங்கப் பந்து விருதுப் பேச்சில் அவர் பெயர் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். 1995இல் லைபீரியாவின் வேயா வாங்கினார் அல்லவா, அடுத்த ஆள் கானுதான் என்று அப்போது பலரும் நம்பினார்கள். ஆனால் "இழந்த வாழ்க்கை" என்ற சொல்லை இனி நான் பயன்படுத்தப் போவதில்லை. போர்ட்ஸ்மத் பகுதியைப் படித்த பிறகு அது பொருந்தவில்லை.

இரவுப் பணி

அவர் நடத்துகிற இதய அறக்கட்டளை பற்றி யாராவது எழுதுங்களேன்.

எக்கோ அறை

கானு ஹார்ட் ஃபவுண்டேஷன், 2000இல் தொடங்கியது. பிறவி இதயக் கோளாறு உள்ள ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு, முக்கியமாக நைஜீரியக் குழந்தைகளுக்கு, அறுவைச் செலவை ஏற்கிறது. சொந்த நாட்டில் வசதி போதாததால் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். முதலில் லண்டன், பிறகு இஸ்ரேல். இந்தியாவுக்கும் பல குழுக்களாக அனுப்பியிருக்கிறார்கள். இங்கே அறுவைச் செலவு அமெரிக்காவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் குழந்தை இதய அறுவை செய்து கை பழகிய குழுக்களும் இருக்கின்றன. இதுவரை நூற்றுக்கணக்கான குழந்தைகள் அந்த அறக்கட்டளை மூலம் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள்.

பிறவியிலேயே இதயத்தில் ஓட்டையோடு பிறக்கிற குழந்தைக்குப் பெரும்பாலும் ஒரே அறுவை போதும், பிறகு சராசரி வாழ்க்கை. அது கிடைக்காமல் போனால் பல பேர் பள்ளி வயதைத் தாண்டுவதில்லை. அதனால்தான் நான் அவரை ஆட்டக்காரராக மட்டும் பார்ப்பதில்லை. 2014இல் அவரே மறுபடி அமெரிக்காவில் இதயச் சிகிச்சை செய்துகொண்டார். வால்வு அறுவை என்பது ஒருமுறை செய்து மறந்துவிடுகிற காரியம் இல்லை, ஆயுள் முழுக்கக் கண்காணிப்பு வேண்டும்.

இரவுப் பணி

நன்றி. இப்போது கால்பந்தில் ஏதாவது பொறுப்பில் இருக்கிறாரா?

காயல் கால்பந்து

2023 முதல் என்யிம்பா கிளப்பின் தலைவர். நைஜீரியாவின் அபா நகரத்துக் கிளப், 2003இலும் 2004இலும் தொடர்ந்து ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் வென்றவர்கள். நைஜீரிய லீகில் இப்போதும் சம்பளத் தாமதம், மைதானப் பிரச்சினை எல்லாம் உண்டு, அதனால் நல்ல பையன்கள் 18 ஆனதும் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே வீரர்களைச் சேர்க்கும்போது ஒழுங்கான இதயப் பரிசோதனையை முதல் விதியாக வைக்க இவரைவிடப் பொருத்தமானவர் யார்? அது பற்றிச் செய்தி கண்ணில் பட்டவர்கள் இங்கேயே இணைப்பைப் போடுங்கள்.